பத்து பாக்கற பொண்ணு

பக்கத்து வீட்டம்மாவுக்குக் காலில் மாவுக்கட்டு. அதனால் ஞாயிற்றுக்கிழமை அவங்க பொண்ணைப் பாக்க பென்சில்வேனியாவில் இருக்கற போகோனோஸ் மலைக்கு வண்டி ஓட்டற பாக்கியம் எனக்கு. ஐ-80 நெடுஞ்சாலை நெரிசலில் டெலவேர் வாட்டர் கேப் தாண்டறதுக்குள்ள சாப்பிட்ட டிபன் செரிச்சு, மறுபடி பசிச்சு, அந்தப் பசியும் அலுத்துப்போய் அடங்கிடுச்சு. பின்சீட்டில் மாமியார். வீட்டில் விட்டுட்டுப் போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

பொண்ணையும் தெரியுமே, செருப்பை வாசலுக்குக் குறுக்கே விட்டுட்டுப் போவாளே, அவளேதான். சின்ன வயசிலிருந்தே கோடை லீவுக்கு அந்த யூத முகாம்தான். இப்போ 16 ஆச்சா, முகாம்ல வாண்டுகளைப் பாத்துக்கற கவுன்சலர் ஆகறதுக்குப் பயிற்சி. சம்பளம் கிடையாது, பெத்தவங்கதான் பணம் கட்டணும். வீட்டில் ஓசியில் செய்யாத வேலையைக் காசு கட்டினா அங்கே செய்யறாங்க.

நாங்க போய் இறங்கறப்போ கழுத்தில் விசில், பின்னால் வாண்டுப் பட்டாளம். படுக்கை விரிப்பு சரியா மடிக்கலைன்னு ஒருத்தியைத் திருப்பி அனுப்பிக்கிட்டிருந்தா. அவங்கம்மா என் தோளைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. கால் வலியால இல்ல.

மாமியார் முறுக்கு டப்பாவை நீட்டினார். "ப்யூர் வெஜ்!" அந்த ரெண்டு வார்த்தை இருந்தா உலகத்தில் எந்த வாசலும் திறக்கும்னு அவருக்கு நம்பிக்கை. திறக்கல.

"பாட்டி, இதுல பால் சேர்ந்திருக்கா?"

வெண்ணெய் முறுக்குக்கிட்டயே கேக்கற கேள்வியா இது! அன்னிக்கு மதியம் இறைச்சிச் சாப்பாடு, கூட பால் சமாச்சாரம் ஆகாது. தவிர, கோஷர் இல்லாத, அதாவது யூத சாப்பாட்டு விதிப்படி செய்யாத வெளிச் சமையல் எதுவும் சாப்பாட்டுக் கூடத்துக்குள்ளயே வரக் கூடாதாம். பாலுக்குத் தனிப் பாத்திரம், இறைச்சிக்குத் தனி, கழுவற தொட்டிகூட வேற வேற. நீல டேப் ஒட்டினது பால், சிவப்பு ஒட்டினது இறைச்சி.

முறுக்கை மறுத்தவங்களுக்கு எங்க வீட்டில் என்ன கதி ஆகும்னு தெரிஞ்ச நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

"பத்து பாக்கறாடி இவா!"

அந்த முகத்தை நீங்க பாத்திருக்கணும். தயிர்க் கரண்டி தனி, சாதம் தொட்டா கை அலம்பணும், அதுதான் பத்துன்னு சொல்லிச் சொல்லிப் பேரன்கள்கிட்ட கேலி வாங்கினவர். மலையேறி வந்து கட்சிக்கு ஆள் சேர்த்துட்டார்.

அடுத்தது கை கழுவற சடங்கு. ரெண்டு பிடி வெச்ச சொம்பால் ரெண்டு கையிலும் தண்ணி விட்டுக்கணும். அப்புறம் ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கற வரைக்கும் பேசக் கூடாது. மாமியார் வாயைத் திறந்தார். பொண்ணு உதட்டில் விரலை வெச்சு ஒரு பார்வை. அவ்வளவுதான், அடங்கிட்டார்! பேச முடியாத வாண்டுங்க "ம்ம்ம்"னு ஒரு மெட்டை முனக, இவரும் கூடவே முனகறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் முயற்சி பண்ணிட்டிருக்கற விஷயம். சாப்பிட்டு முடிச்சதும் மேசையைத் தட்டித் தட்டி நன்றிப் பாட்டு. அதுக்கும் தாளம் போட்டார்.

கிளம்பற நேரத்தில் ஒரு குட்டி, அம்மா கார் போற திசையைப் பாத்து ஓன்னு அழுதுச்சு. "சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்"னு ஆசை காட்டக் கூடாதுன்னு பயிற்சியில் சொல்லியிருக்காங்களாம். அதனால் இவ ஒண்ணும் சொல்லல. விசிலைக் கழட்டி அது கழுத்தில் மாட்டி, எல்லாரையும் வரிசையில் நிக்க வைன்னா. அது மூக்கை உறிஞ்சிக்கிட்டே ஊதுச்சு. அப்புறம் நம்மாளு ஓடி வந்து அவங்கம்மா கையில் ஒரு மூட்டை அழுக்குத் துணியைத் திணிச்சுட்டுப் போனா.

மறுநாளே எங்க சமையலறைக்கு டேப் வந்தாச்சு. தயிர்க் கரண்டிக்கு நீலம். சிக்கன் 65-ஐ கராஜில் ஒளிஞ்சு சாப்பிடற என் வீட்டுக்காரருக்கு, இத்தனை வருஷமும் அவங்கம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அவருக்கு அங்கேயே தனித் தட்டு, தனி ஷெல்ஃப், சிவப்பு டேப். மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். அந்தத் தட்டை யார் கழுவறதுன்னுதான் யாரும் டேப் ஒட்டல.