தேனீப் பெட்டித் தராசு: லோடு செல்லைத் தூங்க வைத்தது

"லைட் அணைஞ்சு கெடக்கு மாமா" என்று பண்ருட்டியிலிருந்து மச்சான் போன் செய்தபோது, பேட்டரி மாட்டி ஏழு நாள்தான் ஆகியிருந்தது. அவன் முந்திரித் தோப்பில் தேனீப் பெட்டிக்கு அடியில் நான் வைத்த தராசு. தோப்பில் கரண்ட் கிடையாது. முந்திரி பூக்கும் தை, மாசி முழுக்க வாராவாரம் கடலூரிலிருந்து பேட்டரி தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

உள்ளே இருப்பது எடையை உணரும் 40 கிலோ லோடு செல், அதன் சிக்னலை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 போர்டு, புரோகிராம் ஓடும் 3.3 வோல்ட் ஆர்டுயினோ ப்ரோ மினி போர்டு, 2600 எம்ஏஎச் பேட்டரி ஒன்று. முதலில் ப்ரோ மினி மேல்தான் சந்தேகம். பவர் எல்இடியைப் பிடுங்கினேன், ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, தானே மிகக் குறைவாக இழுக்கும் எம்சிபி1700 ரெகுலேட்டர் வைத்தேன், நேரம் பார்த்து எழுப்பும் வாட்ச்டாக் டைமர் போட்டுத் தூங்கவும் வைத்தேன். அப்படியும் மீட்டர் 9 மில்லிஆம்பியருக்கு மேல் காட்டியது.

லோடு செல்லின் சிவப்பு, கறுப்பு ஒயர்களுக்கு நடுவே ஓம் பார்த்தேன்: 400. வளைந்தால் ஓம் மாறும் ஸ்ட்ரெயின் கேஜ் நான்கு சேர்ந்த வீட்ஸ்டன் பாலம் என்ற சர்க்யூட் அது. மேலே எடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். சுமார் 3.2 வோல்ட்டை 400 ஆல் வகுத்தால் 8 மில்லிஆம்பியர். எச்எக்ஸ்711 சிப்புக்குப் போவது ஒன்றரைதான்.

பாலத்துக்குக் கொடுக்கும் வோல்ட்டேஜைக் குறைத்தால் சிக்னலும் அதே அளவு குறையும். நான் தேடுவதோ பத்து, இருபது கிராம் வித்தியாசம். 1000 ஓம் லோடு செல் மாற்றினாலும் 3 மில்லிஆம்பியர் இராப்பகலாக ஓடும். வேலை இல்லாதபோது பாலத்தை அணைப்பதுதான் சரி.

அதற்கு எச்எக்ஸ்711லேயே வழி இருக்கிறது. ப்ரோ மினி அதற்குத் துடிப்பு அனுப்பும் கிளாக் பின் 60 மைக்ரோசெகண்டுக்கு மேல் ஹையில் (வோல்ட்டேஜ் ஏறிய நிலையில்) நின்றால் சிப் தூங்கிவிடும், பாலத்துக்குப் போகும் சப்ளையும் நின்றுவிடும். அந்த வரி என் புரோகிராமில் ஏற்கெனவே இருந்தது! இரண்டு சாயங்காலம் இதிலேயே போனது. கடைசியில் பாலத்துக்கு சப்ளை போகும் ஈ பிளஸ் முனையில் மீட்டரை வைத்துக்கொண்டு பார்த்தேன்: வோல்ட்டேஜ் இறங்கத் தொடங்கியது, உடனே திரும்ப ஏறி 3.2ல் நின்றது. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று தூங்கப் போகும் முன் ப்ரோ மினியின் எல்லா பின்னையும் இன்புட்டாக மாற்றியிருந்தேன். கிளாக் பின்னும் அதில் அடக்கம். பிடிப்பு இல்லாமல் அது கீழே இறங்க, சிப் விழித்துக்கொண்டது. அந்த ஒரு பின்னை மட்டும் அவுட்புட், ஹை என்று விட்டேன். ஈ பிளஸ் சைபருக்கு வந்து அங்கேயே நின்றது. அந்தச் சைபரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அளக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். மீட்டர் மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் இருக்கும்போது போர்டு விழித்தால், மீட்டருக்குள்ளேயே வோல்ட்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகிறது. தூங்கும் வரை மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்து, பிறகு எடுத்தேன். 9 மைக்ரோஆம்பியர்.

இப்போது மணிக்கு ஒரு முறை விழிக்கிறது. செட்டில் ஆக 400 மில்லிசெகண்ட் வேண்டும் என்பதால் முதல் நான்கு ரீடிங்கை விட்டுவிட்டு, அடுத்த ஐந்தின் சராசரியை 2 பைட்டாக எழுதுகிறது. கரண்ட் போனாலும் அழியாத 1024 பைட் ஈஇப்ராம் நினைவகத்தில் 21 நாள் கணக்கு நிற்கும். விழிக்கும் நேரத்தையும் சேர்த்தால் சராசரி 13 மைக்ரோஆம்பியர். பேட்டரி சும்மா கிடந்தே இழப்பது இதைவிட அதிகம்.

முதல் வாரக் கணக்கில், மாலை 6 மணி எடை விடிவதற்குள் 40 கிராம் குறைந்திருக்கிறது. இராத்திரியில் தேனீக்கள் பூ மதுவின் ஈரத்தைச் சிறகால் விசிறி ஆற்றுகின்றன, எடை அதனால் குறையலாம். ஆனால் இரும்புச் சட்டம் குளிர்வதாலும் ரீடிங் நகரும். பிரித்துப் பார்க்க லோடு செல்லை ஒட்டி டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் ஒன்று வைக்கிறேன். அதற்கு சப்ளை ப்ரோ மினியின் பின் ஒன்றிலிருந்து, விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும்.