எழுத்துக்கு இவ்வளவுன்னு ரேட்டு

ஓமலூர் ரோட்டுப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில பதினோரு வருஷமா கல்லுல எழுத்து வெட்டுறேன். கல்லறைக் கல்லு, கோயில் உபயம், கட்சி அடிக்கல் எல்லாமே, எழுத்துக்கு இவ்வளவுன்னு ரேட்டு.

போன வருஷம் ஏற்காடு அடிவாரத்துல இருந்து ஒரு அம்மா மருமகனோட வந்தாங்க. வீட்டுக்காரர் இலங்கைக்குப் போன நம்ம இந்திய அமைதிப்படையில போய் 1987 அக்டோபர்ல யாழ்ப்பாணத்துல செத்தவர், இத்தனை வருஷம் கழிச்சு கல்லு வைக்கணுமாம். மருமகன் "பேரும் தேதியும் போதுங்கண்ணா, ஊரு பேரு வேணாம், ஆளாளுக்குப் பேசுவாங்க"ன்னார். அம்மா "எங்க செத்தாருன்னு போடாம எப்படிங்க தம்பி"ன்னு என்னையே பாத்தாங்க.

மருமகன் பயமும் புரியுது. அமைதி காக்கப் போன படை மூணே மாசத்துல புலிகளோட சண்டையில எறங்கிடுச்சு, நம்ம ஆளுங்க 1,100 பேருக்கு மேல செத்தாங்க, அதே அக்டோபர் 21ல யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள படை புகுந்து சுட்டதுல நோயாளி, டாக்டர், நர்ஸுன்னு செத்தாங்க, 1990 மார்ச்ல படை சென்னைக்கு வந்து எறங்குனப்போ முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகல. டெல்லியில 2019ல தொறந்த போர் நினைவிடத்துல பேரு இருக்கு, ஆனா நம்ம ஊர்ல இதப்பத்தி வாயத் தொறக்க இன்னும் யோசிக்கிறோம்.

வாஷிங்டன்ல வியட்நாம் போர்ல செத்த அமெரிக்க வீரர்களுக்கு 1982ல கட்டுன நினைவுச் சுவத்துக்கு கருங்கல்லு பெங்களூர்ப் பக்கம் இருந்துதான் போச்சு. டிசைன் பண்ண மாயா லின்னுக்கு அப்ப 21 வயசு, காலேஜ்ல படிச்சிட்டிருந்த பொண்ணு, கறுப்புக் கல்லா அவமானம்னு ஒரே சண்டை. ஆனா சுவத்துல போரு சரியா தப்பான்னு ஒரு வரி கிடையாது, 58,000த்துக்கு மேல பேரு, அடிபட்ட தேதி வரிசையில. சனங்க பேப்பர வச்சு பென்சிலால தேச்சு பேர எடுத்துட்டுப் போறாங்க. போரு மேல கோவம் இருக்கலாம், எனக்கும் இருக்கு, அதுக்காக செத்தவன் பேர மூடி வைக்க மாட்டேன், அந்த ஆஸ்பத்திரியில செத்தவங்க பேர வெட்டச் சொன்னாலும் இதே கையால வெட்டுவேன்.

யாழ்ப்பாணம்னு ஸ்டிக்கர் வெட்டி கல்லு மேல ஒட்டி, எழுத்து பள்ளமாக காத்தழுத்தத்துல மணல் அடிச்சேன். 'ண'வோட சுழிக்குள்ள இருக்குற குட்டித் துண்டு காத்துல பிச்சுக்கிட்டே இருந்துச்சு, மூணு தடவ ஒட்டுனேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "எதுங்க தம்பி யாழ்ப்பாணம்"னு கேட்டாங்க. வெரல அதும்மேல வச்சுக் காட்டுனேன், ஒவ்வொரு எழுத்தா தடவிட்டே போயி அந்தச் சுழியில நின்னாங்க. ஓனர் அந்த வரிக்கு காசு வேணாம்னுட்டார். மருமகன்தான் கல்ல சாக்குல சுத்தி வண்டியில ஏத்துனார்.