சொதி மாதிரிதாம்ல, பைய ஊத்து

அமெரிக்காவில் இருக்கும் அக்கா குடும்பம் இந்தத் தடவை கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டை வந்திருந்தது. வந்த மறுநாள் காலையிலேயே அக்கா மகள், பதினைந்து வயசு, என்னிடம் வந்து "மாமா, இங்க எக்நாக் கிடைக்குமா?" என்று கேட்டாள். அல்வா இருக்கு, அதிரசம் இருக்கு, உங்க அத்தை முந்திரிக்கொத்து உருட்டிக்கிட்டு இருக்கா என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் சூப்பர் மாமா. எக்நாக்?" என்று அங்கேயே வந்து நின்றாள். எனக்கு அது என்னவென்றே தெரியாது, ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டு ஆம்பளைகளுக்குக் கிடையாது. "கிடைக்காட்டி என்ன, செஞ்சிருவோம்" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் போனை எடுத்துத் தேடினால் விஷயம் இவ்வளவுதான்: பால், முட்டை, சீனி, கிரீம், மேலே கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள், நன்றாகக் குளிர வைத்துக் குடிக்க வேண்டும். முந்தியெல்லாம் பச்சை முட்டையை அடித்து அப்படியே பாலில் கலந்து குடித்திருக்கிறார்கள். சால்மோனெல்லா என்று ஒரு கிருமி அதில் இருக்கலாம் என்பதால் இப்போது காய்ச்சித்தான் செய்யச் சொல்கிறார்கள், 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டுமாம். இதை அம்மாவிடம் படித்துக் காட்டியபோது அம்மா அசரவே இல்லை. "நாட்டுக்கோழி முட்டைய ஒடச்சு ஊத்தி, அது மேல நல்லெண்ணெய ஊத்தி, வயசுக்கு வந்த பிள்ளையளுக்கு வெறும் வயித்துல குடுப்போம்லா, அதானே இது" என்றாள். அக்கா மகள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இரண்டு வருஷத்துக்கு முன்னாடி போன் வழியாகவே அந்த வைத்தியத்தைச் செய்யச் சொல்லி அம்மா அக்காவை விரட்டியதும், அக்கா முட்டையை ஆம்லெட் போட்டுக் கொடுத்துவிட்டு "குடிச்சிட்டா" என்று பொய் சொன்னதும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அது தனிக் கதை.

அமெரிக்காவில் கடையில் விற்கும் எக்நாக்கில் முட்டைக்கரு திடப்பொருள் ஒரு சதவீதமும் பால் கொழுப்பு ஆறு சதவீதமும் இருந்தால் போதும், எக்நாக் என்று லேபிள் ஒட்டிக்கொள்ளலாம் என்று சட்டமே இருக்கிறது. ஒரு சதவீதம்! எங்கள் பால்காரர் கண்ணில் இந்தச் சட்டம் படாமல் இருக்க வேண்டும்.

அத்தான் மட்டும் சும்மா இருந்திருந்தால் காரியம் சுமுகமாகப் போயிருக்கும். "அதுல ஒரு மூடி பிராந்தி ஊத்துனாத்தான் கணக்கு மாப்ள" என்று அவர் சொன்ன நேரம் பார்த்து அப்பா திண்ணையிலிருந்து உள்ளே வந்தார். அப்பா இருபது வருஷம் சர்ச் நிர்வாகம் பார்க்கும் சேகரக் கமிட்டியில் இருந்தவர், கேக்குக்குப் பழம் ஊறப்போட்டால்கூட ஆரஞ்சுச் சாறு தவிர வேறு எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பவர். நிலைமையைச் சரிக்கட்டுவதாக நினைத்து, போனில் அப்போதுதான் படித்த ஒரு சங்கதியை எடுத்துவிட்டேன். 1826 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அமெரிக்க ராணுவக் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் விஸ்கியைக் கடத்திக்கொண்டு வந்து எக்நாக்கில் கலந்து குடித்துவிட்டுப் பெரிய கலவரமே பண்ணியிருக்கிறார்கள், ஜன்னலையெல்லாம் உடைத்திருக்கிறார்கள், அதிலிருந்து எவ்வளவு திருந்திவிட்டார்கள் பாருங்கள் என்று சொல்ல வந்தேன். அப்பா வருஷத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். "1826ஆ? அது நம்ம ஊர் ஊசிக்கோபுரச் சர்ச்ச மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டுன வருசம்லா. இங்க கோயில் கட்டிக்கிட்டு இருக்கையில அங்க குடிச்சுட்டு ஜன்னல ஒடச்சிக்கிட்டு கெடந்திருக்கானுவ. அந்தச் சரக்கையா எம் பேத்திக்குக் காய்ச்சப் போற?" ஜாதிக்காய் தவிர வேறு எதுவும் சேர்க்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் விட்டார். அத்தான் அதற்கப்புறம் ரெண்டு நாள் அப்பா இருக்கும் அறைப் பக்கமே போகவில்லை.

ஜாதிக்காய்க்கு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி "பச்சைப் பிள்ளைக்கா? ஒரசிக் குடுக்கவா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஒமக்கா? தூக்கம் வரலியோ?" என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். பாலில் போட்டுக் குடிக்க என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார், "தூக்கத்துக்குத்தான்" என்று தனக்குத்தானே முடிவு பண்ணி, "கொஞ்சமாப் போடும், கூடிட்டா தலை சுத்தும்" என்று புத்திமதியும் சொல்லி, ரெண்டு காயைப் பேப்பரில் மடித்துத் தந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் குற்றாலத்தில் ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் தோட்டம் போட்டிருக்கிறான், ஆக நமக்கு ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை. ஆனாலும் நான் அதை முழுசாகக் கையில் பிடித்தது அன்றைக்குத்தான். கேரட் துருவியில் தேய்த்தேன், தேய்த்தேன், துருவிதான் மழுங்கியது. கால் மணி நேரம் கழித்து அம்மா வந்து, "ஓட்ட ஒடைக்காம என்னத்தலே தேய்க்க?" என்று அம்மிக்குழவியால் ஒரு தட்டு தட்டினாள். ஓடு ரெண்டாகப் பிளந்து உள்ளேயிருந்து சுருக்கம் விழுந்த பழுப்புக் கொட்டை ஒன்று உருண்டு வந்தது. அதைத் துருவினால் வெட்டு வாயில் வெள்ளையும் பழுப்புமாக நரம்பு நரம்பாக ஓடியிருக்கிறது, மூளையைக் குறுக்கே வெட்டின மாதிரி. வாசனை வீடு முழுக்க.

இதற்குள் அடுப்படியை என் மனைவி பிடித்துவிட்டாள். பாசிப்பயறு வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டிப் பாகு, எண்ணெய்ச் சட்டி என்று நாலா பக்கமும் முந்திரிக்கொத்துதான். "உங்க சோதனையெல்லாம் புறவாசல்ல வச்சுக்கிடுங்க" என்று ஒற்றை அடுப்பையும் ஒரு பழைய பால் சட்டியையும் வெளியே தள்ளிவிட்டாள். புறவாசலில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நெஞ்சுயரத்துக்கு ஒரு சுவர்தான்.

71 டிகிரியை எதை வைத்துப் பார்ப்பது என்பது அடுத்த பிரச்சினை. அக்கா மகள் ஓடிப்போய்க் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்து வந்தாள். அதில் 42க்கு மேல் கோடே கிடையாது, 42க்கு மேல் போனால் ஆளே கிடையாது. "பாலுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டு மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டு போனாள். சரி, கண் பார்த்துக் கை செய்யட்டும் என்று ஆரம்பித்தேன். ஒரு லிட்டர் பால், ஆறு முட்டை, நூறு கிராம் சீனி. பால் தளதளவென்று கொதிக்கிறது, முட்டையை அடித்து வைத்திருக்கிறேன், பாயசத்தில் முந்திரியைக் கொட்டுகிற மாதிரி ஒரே மூச்சில் கொட்டினேன்.

கொட்டின மாத்திரத்தில் சட்டிக்குள் மஞ்சளும் வெள்ளையுமாக நூல் நூலாக எழும்பியது. கிண்டக் கிண்ட நூல் துணுக்காகி, துணுக்கு கட்டியாகி, கடைசியில் பால் தனியாகவும் முட்டைப்பொரியல் தனியாகவும் நிற்கிறது. இனிப்புப் பொரியல். அக்கா மகள் எட்டிப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாக, "இது எக்நாக் இல்ல மாமா" என்றாள்.

"என்னலே, பால் திரிஞ்சிட்டா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல். பக்கத்து வீட்டு ஆச்சி. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு நின்றிருக்கிறார். எண்பதை நெருங்கும் வயசு, சுத்த சைவம். எங்கள் வீட்டில் மீன் பொரித்தால் அவர் வீட்டு ஜன்னல் சாத்தப்படுகிற சத்தம் கேட்கும், மற்றபடி நாற்பது வருஷப் பழக்கம். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குப் போகிற தட்டில் கேக் மட்டும் இருக்காது.

"ஆமா ஆச்சி, பால் கொதிக்கையில முட்டைய..."

"அதச் சொல்லாத." முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். "வஸ்துன்னு சொல்லு."

"சரி, வஸ்து. வஸ்துவக் கொதிக்கிற பால்ல ஊத்துனேன் ஆச்சி, பொரிஞ்சிட்டு."

"பொரியாம என்ன செய்யும்? கோட்டிப் பய. சொதிக்கு மொதப்பால கொதிக்கக் கொதிக்கவா ஊத்துவாவ?"

சொதி தெரியாதவர்களுக்கு: தேங்காயை மூன்று தடவை பிழிந்து, இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காயை வேகவிட்டு, கெட்டியான முதல்பாலைக் கடைசியில் சேர்ப்பது. முதல்பால் விட்ட பிறகு கொதித்தால் திரிந்துவிடும், நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி திரிந்துபோனால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அதைப் பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆச்சி இதில் பட்டம் வாங்கியவர்.

இரண்டாவது தடவைக்கு அடுத்த ஆறு முட்டை உடைத்தேன். ஆச்சி சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார், ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. நான் நடப்பதைச் சொல்லச் சொல்ல அங்கிருந்து உத்தரவு வந்தது.

"வஸ்துவையும் சீனியையும் நல்லா அடிச்சிட்டியா? அடுப்ப அமத்து. பால் கொதி அடங்கட்டும். இப்ப அதுல ரெண்டு கரண்டி பால எடுத்து வஸ்துல விடு, பைய, நூல் கணக்கா. ஏட்டி, நீ கிண்டிக்கிட்டே இரி, கைய எடுக்காத."

"விட்டாச்சு ஆச்சி. பொரியல."

"சூடு பழகிட்டுன்னா அது ஏன் பொரியுது? இன்னும் ரெண்டு கரண்டி விடு. இனி அந்தக் கலவையத் தூக்கிப் பால் சட்டியில ஊத்தி, அடுப்பச் சிம்ல வையி. அடி பிடிக்காம தொளாவிக்கிட்டே நிக்கணும். பொறவு இங்க வந்து அழாத."

நின்றேன். பத்து நிமிஷத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை, வெறும் மஞ்சள் பால். கை கடுக்கிறது, கொஞ்சம் தீயைக் கூட்டலாமா என்று குமிழியில் கை வைத்தேன், சத்தியமாக அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனாலும் "கூட்டாத" என்றார். அப்புறம் திடீரென்று கரண்டி இழுக்கிற தடத்தில் ஒரு கனம் தெரிந்தது. மேலே மிதந்த நுரையெல்லாம் அடங்கி, ஓரத்தில் ஆவி எழும்பியது. கரண்டியைத் தூக்கினால் முதுகில் சந்தனம் பூசின மாதிரி ஒரு படலம். அக்கா மகள் அதில் விரலால் ஒரு கோடு இழுத்தாள், கோட்டின் இரண்டு கரையும் ஒன்று சேராமல் அப்படியே நின்றது. தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு அதுதான் அடையாளம் என்று போனிலும் போட்டிருந்தது.

"கரண்டியில ஒட்டுது ஆச்சி!"

"எறக்கு. எறக்குல வெரசா. சட்டிச் சூட்டுலயே திரிஞ்சிரும், வேற ஏனத்துல மாத்து."

வடிகட்டி மாற்றி, ஐஸ்தண்ணீர் அண்டாவில் பாத்திரத்தை மிதக்கவிட்டு, ஒரு பாக்கெட் கிரீமும் ஜாதிக்காயும் சேர்த்து, குளிர்சாதனப் பெட்டியில் மீன் இருந்த தட்டைக் காலி பண்ணி வைத்தேன். முதல் சட்டியில் திரிந்ததைக் கொட்டப் போனால் அது இல்லை. அப்பா ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "இது நல்லாத்தானே இருக்கு, இன்னொண்ணு எதுக்கு?" என்றார்.

ராத்திரி ஒரு மணிக்கு, வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் கேரல் ரவுண்ட்ஸ் வந்தது. வழக்கமாகச் சுக்குக் காபி, இந்த வருஷம் சின்னச் சின்னத் தம்ளரில் எக்நாக். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட பையன் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் குடித்தான், முகமூடியை இறக்கினால் பஞ்சுத் தாடி மீசையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. உபதேசியார் ஒரு வாய் குடித்துவிட்டு, தம்ளருக்குள் பார்த்து, "வேற ஒண்ணும் சேக்கலியே?" என்று கேட்டார். "ஜாதிக்கா மட்டுந்தான்" என்று அப்பா ஏதோ தானே காய்ச்சின மாதிரி பெருமையாகச் சொன்னார். உபதேசியார் முழுசாகக் குடித்துவிட்டு இரண்டாவது தம்ளர் கேட்டார், டிரம் அடிக்கிற பையன்கள் மூன்றாவதுக்கு வந்தார்கள். அக்கா மகள் கண்ணை மூடி ஒரு மடக்கு குடித்தாள். "கடைல வாங்குறதுல இந்த அளவு முட்டை தெரியாது மாமா" என்றாள். பாராட்டா புகாரா என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் தம்ளர் காலி.

மறுநாள் காலையில் முந்திரிக்கொத்து, அதிரசம், முறுக்கு, ஒரு சீப்பு நாட்டுப்பழம் வைத்த தட்டோடு ஆச்சி வீட்டுக்குப் போனேன். தட்டை வாங்குவதற்கு முன்னாலேயே "திரியலியே?" என்று கேட்டார். இல்லை ஆச்சி, சொதி கணக்கா வந்திச்சு என்றேன். முகத்தில் ஒரு திருப்தி.

"எல்லாஞ் சரி, அந்த வஸ்துவப் போடாம எனக்கொரு தம்ளர் காய்ச்சித் தாயேன். எப்பிடித்தான் இருக்குன்னு பாப்போம்."

"அதப் போடாட்டி அது வெறும் பால் ஆச்சி."

"ஜாதிக்கா போடுவேல்லா?"

"அது போடுவேன்."

"அப்ப அந்த வெறும் பாலையே இன்னைக்கு ராத்திரி கொண்டா. ஒங்க பயலுவ டிரம்ம அடிச்சு நேத்து விடிய விடிய ஒரு பொட்டுத் தூக்கமில்ல."