கிராஃப்ட் கேள்விக்கு கிராஃப்டிலிருந்து தொடங்காதீர்கள்

எம்.எஸ். எலும்பியல் தேர்வுக்குப் படிப்பவரிடம், குழந்தையின் தொடை எலும்புக் கழுத்தில் வரும் நோய்வழி முறிவுக்கு (நோயால் பலவீனமான எலும்பு முறிவதற்கு) என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "நோயுற்ற பகுதியைச் சுரண்டி எடுத்து எலும்பு ஒட்டு (கிராஃப்ட்) வைப்பேன்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். விடை தவறில்லை. ஆனால் வாய்மொழித் தேர்வில் அடுத்து வருவது, "எந்த எலும்பு, ஏன்?"

அதற்கு முன் நோய் எது என்று சொல்ல வேண்டும். சிம்பிள் போன் சிஸ்ட் (திரவம் நிறைந்த எலும்புக் குழி), அனூரிஸ்மல் போன் சிஸ்ட் (இரத்தம் நிறைந்த குழி), ஃபைப்ரஸ் டிஸ்பிளாசியா (எலும்பின் இடத்தில் நார்த்திசு வளரும் நோய்) மூன்றும் எல்லோருக்கும் நாவில் வரும். கிருமித்தொற்றால் வரும் எலும்பழற்சியையும், எலும்புப் புற்றுநோயான யூயிங் சர்கோமாவையும் சேர்த்துச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் பயாப்ஸி முடிவு வராமல் கிராஃப்ட் வைக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். புற்றுநோய்க் குழியில் எலும்பை நிரப்பியவர் என்ற பெயர் தேர்வு அறையில்கூட வேண்டாம்.

நான் அதிக நேரம் செலவிட்டது ஃபைப்ரஸ் டிஸ்பிளாசியாவில்தான். இடுப்பெலும்பு முகட்டிலிருந்து எடுக்கும் பஞ்சு எலும்பு, சிஸ்டைச் சுரண்டிய குழிக்குப் பொருத்தமானது. அதையே டிஸ்பிளாசியாவில் வைத்தால் உடல் அதைக் கரைத்து, அந்த இடத்தில் மறுபடி நோயுற்ற எலும்பையே உருவாக்கிவிடுகிறது. பழைய சுவரின் ஈரம் புதுப்பூச்சில் ஏறுவது போல. எலும்பின் வெளிப்புறத்தில் உள்ள கெட்டியான புறணி எலும்பு அவ்வளவு சீக்கிரம் கரையாது. அதனால்தான் ஃபிபுலாத் (முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய எலும்பு) துண்டைக் கழுத்தின் நெடுக்கே முட்டுக்கொடுப்பது போல வைக்கிறார்கள். இதற்கு என்னெக்கிங், கியரன் இருவரின் 1986ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சொல்லலாம். சொன்னால் "குழந்தையிடம் ஃபிபுலா எடுத்தால் என்ன ஆகும்?" என்ற கேள்வி தேடி வரும். கணுக்கால் வேல்கஸாக (வெளிப்பக்கமாக) சாயலாம். தேவைப்பட்டால் மிஞ்சிய கீழ்த்துண்டை அருகிலுள்ள தடித்த எலும்பான டிபியாவோடு இணைக்கும் லாங்கன்ஷோல்ட் முறை உண்டு.

ஒட்டு குழியை நிரப்பும். பாரத்தைத் தாங்க இம்பிளான்ட் (உள்ளே பொருத்தும் உலோகம்) வேண்டும். எதைப் பொருத்துவது என்று முடிவுசெய்ய, சிஸ்ட் முறிவுகளுக்கு டார்மன்ஸ் வகைப்பாட்டைப் படித்தால் போதும். மனப்பாடம் செய்யாமல் எக்ஸ்ரேயில் இரண்டு இடங்களைப் பார்க்கப் பழகினேன். வளர்ச்சித் தட்டுக்கும் (எலும்பு நீள உதவும் குருத்தெலும்பு) சிஸ்டுக்கும் நடுவே ஸ்குரூ பிடிக்க எலும்பு மிச்சமிருக்கிறதா? வெளிப்பக்கச் சுவர் நிற்கிறதா? இரண்டும் இருந்தால் ஸ்குரூ. சுவர் இல்லையென்றால் உலோகத் தகட்டோடு கூடிய குழந்தைகளுக்கான ஹிப் ஸ்குரூ. வளர்ச்சித் தட்டருகே இடமே இல்லையென்றால் அந்தத் தட்டைக் கடக்கும் வழுவழுப்பான உலோக ஊசி, அல்லது காலை இழுத்து வைக்கும் இழுவைக்குப் பிறகு இடுப்பையும் காலையும் சேர்த்துப் போடும் ஸ்பைக்கா மாவுக்கட்டு. குழந்தைகளின் தொடைக் கழுத்து முறிவுக்குச் சொல்லும் டெல்பெட் வகைப்பாடு நோயற்ற எலும்பின் முறிவுக்கு உருவானது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"முறிந்த சிஸ்ட் தானாகவே ஆறிவிடாதா?" என்றும் கேட்பார்கள். சில ஆறும். மேற்கை எலும்பென்றால் முறிவு கூடும்வரை காத்திருக்கலாம். உடல் பாரம் இறங்கும் தொடைக் கழுத்தில் காத்திருந்தால் காக்ஸா வேரா (கழுத்தின் கோணம் குறைந்து வளைவது) வரலாம், முறிவு விலகித் தொடை எலும்புத் தலையின் இரத்த ஓட்டமும் கெடலாம் என்று சொல்லுங்கள்.