ஒருவழியா கிட்டார் வாங்கியாச்சு
சர்ச்சுல பிளக் பண்ணி வாசிக்க ஒரு செமி அக்கூஸ்டிக் வேணும், கையில 10,000தான். ரெண்டு மாசம் அலைஞ்சதுல புரிஞ்சது, இந்த விலையில பிக்கப்பு (ஸ்ட்ரிங் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்புற மைக் மாதிரி), ட்யூனர்லாம் வச்சுக் குடுத்துட்டு மரத்துல கை வச்சிடுறாங்க. பரவால்ல, சாலிட் டாப் (மேல்பலகை முழு மரம்) வாங்கி குன்னூர் மிஸ்ட்ல உப்பிப்போய் ஸ்ட்ரிங் தூக்கிக்கிட்டு நிக்கிறதுக்கு பிளைவுட் மாதிரி ஒட்டின லேமினேட்டே தேவலாம், எங்க வீட்டு உப்பு டப்பாவே தண்ணி விட்டுக்கிட்டு கெடக்கு. நேத்து கோயம்புத்தூர் இறங்கி ஒண்ணு வாசிச்சுப் பார்த்தேன், பிளக் பண்ணாம சத்தம் சுமார்தான், ஆனா எந்த ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்க இருக்குற கம்பி) அழுத்தினாலும் கரகரப்பு இல்ல, தூக்கிட்டு வந்துட்டேன். வாசிச்சு முடிச்சதும் கேபிளை உருவிடணும், இல்லன்னா உள்ள இருக்குற 9 வோல்ட் பேட்டரி காலி. அம்மாகிட்ட 6,000னு சொல்லிருக்கேன், யாரும் போட்டுக்குடுத்துடாதீங்க. அப்புறம் ஈரத்தை இழுக்குற சிலிக்கா ஜெல் பாக்கெட் யார் வீட்டுலயாச்சும் சும்மா கெடந்தா எடுத்து வைங்கப்பா, ஞாயித்துக்கெழம வாங்கிக்கிறேன்.