சாயும் மேசை: அறுவை அரங்கில் புவியீர்ப்பு செய்யும் வேலை

அறுவை அரங்குக்குள் முதன்முறையாக வருபவர்களின் கண்ணில் விளக்குகளும் மானிட்டரும் மயக்க மருந்து இயந்திரமும் படும்; நோயாளி படுத்திருக்கும் மேசையைப் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. மயக்கவியல் மருத்துவர் என்ற முறையில் அந்த மேசையின் தலைமாட்டிலேயே என் பணிநாள்கள் கழிவதாலும், அதன் ரிமோட் பல நேரம் என் கைக்கெட்டும் தொலைவில் தொங்குவதாலும், அதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என நினைக்கிறேன். உயரும், தாழும், தலைப்பக்கமோ கால்பக்கமோ சரியும், இடவலமாகச் சாயும், நடுவில் மடங்கும் என்று விற்பனைக் கையேடுகள் அடுக்கும் வசதிகள் எல்லாம் உண்மையானவையே. இருந்தாலும், புவியீர்ப்பை நமக்கு வேண்டிய திசையில் வேலை வாங்க முடிகிறது என்பதே அந்த வசதிகளுக்குள் இருக்கும் முதன்மையான பயன்.

இதை முதலில் முறையாகப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் டிரெண்டலன்பர்க். அடிவயிற்று அறுவைகளில் இடுப்பை உயர்த்தித் தலையைத் தாழ்த்தினால் குடல் தானாகவே மேல்வயிற்றுப் பக்கம் விலகிவிடும் என்று அவர் கண்ட முறையை, அவருடைய மாணவர் வில்லி மேயர் 1885ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். அந்நாளில் மேசை சாயாது என்பதால், உதவியாளர் ஒருவர் நோயாளியின் கால்களைத் தம் தோள்மீது தாங்கியபடி நிற்க வேண்டியிருந்தது. இன்று அந்த உதவியாளரின் வேலையை ஒரு பொத்தான் செய்கிறது. நிலைக்கு மட்டும் டிரெண்டலன்பர்க்கின் பெயர் நிலைத்துவிட்டது, தியேட்டரில் நாங்கள் 'ஹெட் டவுன்' என்று சுருக்கிச் சொன்னாலும்.

வயிற்றில் சிறுதுளைகளிட்டுக் கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்த பிறகு சாய்வின் தேவை பன்மடங்கு கூடியது. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் குடலை ஈரத்துணியால் ஒதுக்கி, ரிட்ராக்டரால் பிடித்துக்கொள்ளலாம். சிறுதுளைகள் வழியாகச் செய்யும் அறுவையில் அதற்கெல்லாம் வழி குறைவு. ஆகவே பித்தப்பையை எடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி, நோயாளியின் வலப்பக்கம் மேலே வருமாறு மேசையைச் சாய்த்தால், பெருங்குடலும் முன்சிறுகுடலும் கீழே சரிந்து பித்தப்பை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. குடல்வால் அறுவைக்குத் தலை தாழ்ந்து இடப்பக்கம் சாய வேண்டும். கருப்பை, புராஸ்டேட் அறுவைகளுக்கு இன்னும் செங்குத்தான தலைத்தாழ்வு தேவைப்படுகிறது. ஒரே அறுவையின் நடுவில் இரண்டு மூன்று முறை கோணத்தை மாற்றச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. முதலில் வந்த அறுவை ரோபோக்களில், கைகளை நோயாளியுடன் இணைத்துவிட்டால் மேசையை அசைக்கவே கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. மேசையும் ரோபோவும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு சேர்ந்து நகரும் ஏற்பாடு பின்னர் வந்தது.

என் துறைக்கு வருகிறேன். உடலின் கீழ்ப்பகுதியை மரக்கச்செய்ய முதுகுத்தண்டில் நாங்கள் செலுத்தும் 'ஹெவி' புபிவகெய்ன் மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் குளுக்கோஸ் கலந்திருப்பதால், அது தண்டுவட நீரைவிடக் கனமானது. கனமானது எதுவோ அது பள்ளத்தை நாடும். மல்லாந்து படுத்திருப்பவரின் முதுகெலும்பில் இடுப்புப் பகுதி மேடாகவும் மார்பின் நடுப்பகுதி பள்ளமாகவும் அமைந்திருப்பதால், மருந்து அந்தப் பள்ளத்தை நோக்கி நகரும். மருந்து செலுத்திய முதல் சில நிமிடங்களில் மரமரப்பு போதுமான உயரத்துக்கு ஏறவில்லையென்றால் தலைப்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்துகிறோம். சிசேரியனுக்கு அது மார்புக்காம்பின் மட்டத்தை எட்டினால் போதும், அதற்கு மேலே போய்க் கைவிரல்கள் மரத்துப்போவதாக நோயாளி சொன்னால் கவலை தொடங்குகிறது. மருந்தின் அளவை மாற்ற அப்போது வழியில்லை. கோணத்தை மாற்ற மட்டுமே வழியுண்டு.

சிசேரியனில் மேசைக்கு இன்னொரு பணியும் இருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து படுக்கும்போது கருப்பை கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்துவதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. முதுகுத்தண்டு மயக்க மருந்தும் சேரும்போது இரத்த அழுத்தம் சட்டென்று சரியும், குழந்தைக்குச் செல்லும் இரத்தமும் குறையும். இதற்காகவே மேசையை இடப்பக்கம் 15 டிகிரி சாய்க்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகப் பாடநூல்கள் சொல்லிவருகின்றன. எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு செய்த ஆய்வு, 15 டிகிரியில் அந்தச் சிரை பெரிதாக விரிவதில்லை, 30 டிகிரியில்தான் விரிகிறது என்று காட்டியபோது எங்கள் துறையில் நிறைய விவாதம் நடந்தது. இதைவிட நடைமுறைக்கு நெருக்கமான சிக்கல் ஒன்றுண்டு: கண்ணளவில் 15 டிகிரி என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். கோணத்தை எண்ணில் காட்டும் மேசைகளை ஆடம்பரம் என்று ஒதுக்குபவர்களிடம் நான் ஒத்துப்போகாததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

மயக்கம் கொடுக்கும் நேரத்தில் வயிற்றிலிருப்பது தொண்டைக்கு எதுக்களித்துவிட்டால், அது நுரையீரலுக்குள் இறங்காமலிருக்க உடனே மேசையைத் தலைத்தாழ்வாகச் சாய்த்து உறிஞ்சுகுழாயை வைக்க வேண்டும். சாயாத மேசையில் மயக்கம் கொடுக்கத் தொடங்காதே என்று எங்கள் தலைமுறைக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்தது இதனால்தான். உடல் பருத்தவர்களுக்குச் சுவாசக்குழாய் செருகும்போது காதுத்துளையும் மார்பெலும்பின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் வருமாறு முதுகுப்பகுதியை உயர்த்த வேண்டும். மடித்த போர்வைகளை அடுக்கிச் செய்வதை, மடங்கும் மேசை சில நொடிகளில் செய்துவிடுகிறது.

இத்தனை நன்மைகளுக்கும் உடல் விலை கொடுக்கிறது, அதையும் சொல்லாமல் விட முடியாது. வயிற்றில் வாயு நிரப்பித் தலையைத் தாழ்த்தும்போது உதரவிதானமும் மூச்சுக்குழாய் பிரியும் இடமும் மேலே நகர்வதால், சரியாக வைத்த சுவாசக்குழாயின் நுனி வலப்பக்க நுரையீரலுக்குள் நழுவக்கூடும். ஆக்சிஜன் அளவு இறங்கினால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். நீண்ட நேரத் தலைத்தாழ்வில் முகம் வீங்கும், கண்ணின் உள்ளழுத்தம் கூடும். கால்களைத் தூக்கிக் கட்டிய நிலையில் பல மணி நேரம் போனால் கெண்டைக்காலில் இரத்த ஓட்டம் குறைந்து தசை பாழாகலாம் என்பதால், இடையிடையே கால்களைத் தாழ்த்தும்படி அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. தோள்மூட்டு அறுவைக்கு நோயாளியை உட்காரவைத்தாற்போல் சாய்க்கும்போது மூளை, கையில் கட்டிய அழுத்தப் பட்டையைவிட மேலே போய்விடுகிறது. 20 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் பாதரச அளவு கழியும் என்பதால், கையில் 65 என்று காட்டும் சராசரி அழுத்தம் மூளையில் 50 மட்டுமே. முதல் உலகப் போர்க் காலத்தில், இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சிநிலையில் ('ஷாக்') வீழ்ந்தவர்களைத் தலைத்தாழ்வாகச் சாய்க்கப் பரிந்துரைத்த அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், சில ஆண்டுகளில் அந்தக் கருத்தையே மாற்றிக்கொண்டார். ஆனாலும் அழுத்தம் விழுந்தவுடன் ரிமோட்டைத் தேடும் பழக்கம் இன்னும் எங்களில் பலரை விடவில்லை. கால்களை மட்டும் உயர்த்துவதே போதும் என்பது என் அனுபவம்.

நோயாளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், நிற்பவர்களும் மனிதர்கள்தாம். திறந்த அறுவையில் மேசை ஏறக்குறைய அறுவை மருத்துவரின் முழங்கை மட்டத்தில் இருந்தால் கழுத்தும் முதுகும் தப்பிக்கும். லேப்ராஸ்கோப்பிக் கருவிகள் நீளமானவை என்பதால், அவற்றின் கைப்பிடி முழங்கை மட்டத்துக்கு வர மேசை இன்னும் கீழே இறங்க வேண்டும். பழைய மேசைகள் அவ்வளவு இறங்குவதில்லை. விளைவாக மருத்துவர் கால்மேடை மீது ஏறி நின்றுகொண்டு, மின்கருவியை இயக்கும் மிதியைக் காலால் துழாவுகிறார்.

ஆகவே புதிய மேசை வாங்கும் மருத்துவமனைகள் என்னிடம் கருத்துக் கேட்டால், எவ்வளவு உயரும் என்று கேட்காதீர்கள், எவ்வளவு தாழும் என்று கேளுங்கள் என்பேன். செயல்விளக்கத்தின்போது மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தலைத்தாழ்வுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கச் சொல்வேன். பேட்டரியும் தீர்ந்தால் காலால் மிதித்து இயக்க வழியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எலும்பு அறுவைகளுக்கு மேற்பலகை எக்ஸ்ரே ஊடுருவும் கார்பன் இழையாலானதா, அறுவையின் நடுவிலேயே எக்ஸ்ரே படம் காட்டும் சி-ஆர்ம் கருவி நுழைய அடியில் இடமிருக்கிறதா என்பதை எலும்பு மருத்துவரே வந்து சோதிக்கட்டும். கையேட்டில் அச்சிட்டிருக்கும் எடை வரம்பு பெரும்பாலும் பலகை நடுவில் நேராக இருக்கும்போது பொருந்துவது; பலகையை ஒருபக்கம் நகர்த்தினாலோ தலைமாற்றிப் படுக்கவைத்தாலோ அந்த வரம்பு குறைந்துவிடும் என்பதால், குறைந்த எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்கி மேசையின் தூணிலேயே ஒட்டிவைப்பது நல்லது.