சீலோவாம் குளத்தின் படிகளில் அக்காவோடு

புனித நாட்டுப் பயணத்துக்குப் பெயர் கொடுத்த நாளில் அக்கா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: சீலோவாம் குளத்துக்குக் கூட்டிப் போவார்களா? பயணத் திட்டத்தில் பெத்லகேம், நாசரேத்து, கலிலேயாக் கடல், யோர்தான், ஒலிவமலை என்று எல்லாம் இருந்தன. சீலோவாம் மட்டும் இல்லை. எங்களை அழைத்துச் சென்ற போதகர் ஐயா, எருசலேமில் ஓய்வுக்கென விட்டிருந்த ஒரு முற்பகலை அதற்குத் தருவதாகச் சொன்னார். 2019 பிப்ரவரியில் நாங்கள் புறப்பட்டோம்.

அக்கா பிறவியிலேயே பார்வையற்றவள். விழித்திரை சரியாக உருவாகவில்லை, சிகிச்சைக்கு வழியில்லை என்று மருத்துவர்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியில்தான் அவள் எழுத்துக் கற்றாள். எங்கள் சபையில் ஆராதனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவள் அவளே. யோவான் சுவிசேஷத்தின் பிரெயில் புத்தகம் அவள் விரல்பட்டுப் பட்டு, ஒன்பதாம் அதிகாரத்தின் பக்கங்களில் புள்ளிகள் பாதி அமிழ்ந்து போயிருக்கின்றன. அந்த அதிகாரம் முழுவதும் ஒரே ஒரு மனிதனைப் பற்றியது. அவன் பிறவிக் குருடன். பெயர் சொல்லப்படவில்லை. இயேசு சொன்னபடி சீலோவாம் குளத்தில் கண் கழுவிப் பார்வை பெற்றவன்.

அந்த மனிதனைக் கண்டவுடன் சீஷர்கள் கேட்ட முதல் கேள்வி, "இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்பது. எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகளாக ஒலித்த கேள்வியும் இதுவே. ஆச்சி, அப்பாவின் தாத்தா செய்த ஒரு நிலத் தகராற்றைக் காரணம் சொன்னாள். உறவினர் ஒருவர், கர்ப்ப காலத்தில் அம்மா சரியாக ஜெபிக்கவில்லை என்றார். ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில், அக்காவின் தலைமேல் கைவைத்து நெடுநேரம் ஜெபித்த ஊழியர், எதுவும் நடவாதபோது, "இந்தப் பிள்ளைக்கு விசுவாசம் போதாது" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். அன்று அக்காவுக்குப் பதினாறு வயது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா அழுதாள், அக்கா அழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இயேசு அப்படிச் சொல்லலையே அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அவள் சொன்னது வேத வசனத்தின்படி சரி. "இது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று சீஷர்களின் கேள்வியையே கர்த்தர் தள்ளிவிட்டார். ஆனால் அந்த வசனத்தை எத்தனையோ முறை வாசித்த எனக்கு, எருசலேமுக்குப் போகும்வரை அது உள்ளே இறங்கவில்லை. சீலோவாம் குளத்துத் தண்ணீரில் அக்கா கண் கழுவினால் ஒருவேளை ஏதாவது நடக்கும் என்ற எண்ணத்தை யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டுதான் நான் விமானம் ஏறினேன். அந்த எண்ணத்தில் அன்பு இருந்தது உண்மை. அவளுடைய குறை எங்கள் வீட்டின்மேல் விழுந்த ஒரு கறை, அது நீங்கவேண்டும் என்ற நினைப்பும் அதில் கலந்திருந்தது.

கலிலேயாக் கரையில் பெத்சாயிதாவைப் பற்றிப் போதகர் ஐயா பேசினார். அங்கே குணமான குருடன் முதலில் மனுஷரை நடக்கிற மரங்களைப்போலக் கண்டான், கர்த்தர் மறுபடியும் கைவைத்த பிறகே தெளிவாகக் கண்டான். எரிகோவில் பர்திமேயு என்னும் குருடன் இயேசுவைக் கூப்பிட்ட சாலையைப் பேருந்திலிருந்தே பார்த்தோம். இவை இரண்டையும் விரைவாகக் கடந்து எருசலேமுக்கு ஏறினோம்.

குப்பை வாசலுக்கு வெளியே, தேவாலய மலைக்குத் தெற்கே சரிந்து இறங்கும் மேடுதான் தாவீதின் நகரம். சுற்றிலும் சில்வான் என்னும் பாலஸ்தீனக் குடியிருப்பின் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. சீலோவாம் என்ற பழம்பெயர் அரபியில் அப்படி நிலைத்திருக்கிறது. அந்த மண்ணின்மேல் இன்றும் தீராத வழக்கும் வேதனையும் உண்டு. மாடிகளில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தாய்மாரையும் தெருவில் விளையாடிய பிள்ளைகளையும் நினைத்து, இறங்குமுன் எல்லாருமாக ஜெபித்தோம்.

இந்த மேட்டைத் தாவீது ராஜா, அங்கே முன்பு குடியிருந்த எபூசியரிடமிருந்து பிடித்த கதையில் ஒரு கடினமான வாக்கியம் இருக்கிறது. குருடரும் சப்பாணிகளுமே உன்னைத் தடுத்துவிடுவார்கள் என்று எபூசியர் ஏளனம் செய்ததையும், அதிலிருந்து, குருடனும் சப்பாணியும் வீட்டிலே வரலாகாது என்ற சொல்வழக்கு பிறந்ததையும் இரண்டாம் சாமுவேல் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. அதே நகரத்தில், பல நூற்றாண்டுகள் கழித்து, தாவீதின் குமாரன் என்று அழைக்கப்பட்ட இயேசு தேவாலயத்துக்குள் இருந்தபோது குருடரும் சப்பாணிகளும் அவரிடத்தில் வந்தார்கள், அவர் அவர்களைச் சொஸ்தமாக்கினார் என்று மத்தேயு எழுதுகிறார். போதகர் ஐயா இந்த இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து வாசித்தபோது என் முகம் சூடானது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சீலோவாமுக்குத் தண்ணீர் வருவது கீகோன் ஊற்றிலிருந்து. கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்த காலத்தை ஒட்டி, ஊற்றுத் தண்ணீரை நகரத்துக்குள் திருப்ப எசேக்கியா ராஜா பாறைக்குள் சுரங்கக் கால்வாய் வெட்டினார் என்பது வேதாகமத்தின் சாட்சி. 533 மீட்டர் நீளம். வளைந்து நெளிந்து போகிறது. குழுவில் முதியோர் மேலேயே தங்கிவிட, நாங்கள் எட்டுப் பேர் தண்ணீரில் இறங்கினோம். தொடக்கத்தில் தொடை வரை, பிறகு முழங்காலுக்குக் கீழே. குளிர் எலும்பில் ஏறியது. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். எங்களிடம் இருந்த இரண்டு சிறிய டார்ச் விளக்குகளில் ஒன்று வழியிலேயே நீரில் விழுந்து அணைந்துபோனது. மற்றொன்று வரிசையின் முன்னால் வளைவுக்கு அப்பால் போய்விட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். கையைக் கண்முன் கொண்டுவந்தாலும் தெரியாத இருட்டை என் வாழ்வில் அன்றுதான் அறிந்தேன்.

எனக்குப் பின்னால் நின்ற அக்கா, "தம்பி, இடது கையைச் சுவரிலே வை, தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு காலாலே பாரு, நட" என்றாள். நான் நடந்தேன். அவள் விரல்கள் பாறையில் உளித் தடங்களைத் தடவிக்கொண்டே வருவது எனக்குக் கேட்டது. பாதி வழியைக் கடந்திருப்போம்; அவள் நின்று, "இதுவரை வெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, இங்கே எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது" என்றாள். உண்மையில் அந்தக் கால்வாயை இரு முனைகளிலிருந்தும் இரண்டு குழுவினர் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள். சந்தித்த இடத்தில் உளியின் திசை மாறுகிறது. வழிகாட்டி அதை விளக்கொளியில் காட்டிச் சொல்லவேண்டியிருந்ததை அவள் விரல் நுனியில் கண்டுகொண்டாள்.

சுரங்கத்தின் சீலோவாம் முனைக்கு அருகே 1880-இல் ஒரு பழைய எபிரேயக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. இப்போது அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெட்டவேண்டியது இன்னும் மூன்று முழமே மீதியிருந்தபோது, பாறைக்கு அப்பாலிருந்து ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது என்று அதில் பொறித்திருக்கிறார்கள். போதகர் ஐயா இதைச் சொன்னபோது அக்கா அதைத் திரும்பச் சொல்லக் கேட்டுக்கொண்டாள்.

சுரங்கம் திறக்கும் இடத்தில், உடைந்த தூண்களின் அடிப்பாகங்கள் நீரில் நிற்கும் சிறு குளம் ஒன்று உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே ஒரு ஆலயம் கட்டப்பட்டிருந்தது. பல தலைமுறை யாத்திரிகர்கள் இதையே சீலோவாம் என்று எண்ணி வணங்கிப் போனார்கள். 2004-இல் கழிவுநீர்க் குழாய் வேலைக்காகத் தோண்டியபோது, சற்றுக் கீழே அகலமான கற்படிகள் தட்டுப்பட்டன. தொல்லியலாளர்கள் எலி ஷுக்ரோனும் ரோனி ரைக்கும் ஆராய்ந்து, அது இரண்டாம் தேவாலயக் காலத்துக் குளம் என்று காட்டினார்கள். ஐந்தைந்து படிகளாக, இடையிடையே அகன்ற தளங்களோடு அது இறங்குகிறது. நாங்கள் போனபோது ஒரு பக்கத்துப் படிகள் மட்டுமே வெளியே தெரிந்தன. மீதி ஒரு பழத்தோட்டத்தின் அடியில் இருந்தது. இயேசுவின் காலத்து மனிதர்களின் கால் தேய்த்த படிகளில் உட்கார்ந்து நாங்கள் ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்தோம்.

அந்த அதிகாரத்தை அதற்கு முந்தைய இரண்டு அதிகாரங்களோடு சேர்த்து வாசிக்கவேண்டும் என்று போதகர் ஐயா விளக்கியது எனக்குப் புதிது. யூதரின் கூடாரப் பண்டிகை நாட்களில் ஆசாரியர் இந்தச் சீலோவாமிலிருந்துதான் பொற்கலத்தில் தண்ணீர் மொண்டு, படிக்கட்டுத் தெருவழியே தேவாலயத்துக்கு எடுத்துப்போய்ப் பலிபீடத்தில் ஊற்றுவார். இரவில் ஸ்திரீகளின் பிராகாரத்தில் பெரிய விளக்குத்தண்டுகளை ஏற்றுவார்கள். தாகமுள்ளவன் என்னிடத்தில் வரக்கடவன் என்றும், நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன் என்றும் கர்த்தர் சொன்னது அந்தப் பண்டிகையை ஒட்டித்தான். தண்ணீரையும் ஒளியையும் பற்றிச் சொன்ன வார்த்தைகள் ஒரு மனிதனுடைய முகத்தில் வந்து நிறைவேறின. உமிழ்நீரால் சேறுண்டாக்கி அவன் கண்களில் பூசி, "நீ போய், சீலோவாம் குளத்திலே கழுவு" என்றார். அவன் சேறு அப்பிய கண்களோடு, பார்வை வருமுன்னரே, ஒரு குரலை மட்டும் நம்பி இந்தப் படிகளில் இறங்கியிருக்கிறான்.

வாசித்து முடித்தபின் நான் அக்காவின் கையைப் பிடித்துச் சிறு குளத்துக்குத் திரும்ப அழைத்துப்போய், "கண்ணைக் கழுவிக்கொள் அக்கா" என்றேன். என் குரலில் இருந்ததை அவள் அறிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். மறுப்பேதும் சொல்லாமல் குனிந்து, இரு கையாலும் தண்ணீர் அள்ளி மூன்று முறை கழுவினாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் அவள் நெற்றியில் விழுந்தது. விழிகள் எப்போதும்போல் அசைந்துகொண்டிருந்தன. அவள் என் தோளைத் தேடிப் பிடித்துப் படியில் உட்கார்ந்தாள்.

"தம்பி, அவன் கண் திறந்தப்போ இயேசு அங்கே இல்லை, கவனிச்சியா?" என்றாள். நான் கவனித்ததில்லை. "இங்கே கழுவித் திறந்து பார்த்தான். வானம், தண்ணி, ஜனம் எல்லாம் பார்த்தான்; அவரைப் பார்க்கலை. பரிசேயர் கேட்டாங்க, அண்டை வீட்டார் கேட்டாங்க, தாய் தகப்பனே பயந்து 'அவனையே கேளுங்க'ன்னு ஒதுங்கிட்டாங்க. அவ்வளவு நேரமும் அவன் முகம் பார்க்காத ஒருத்தருக்காகத்தான் சாட்சி சொன்னான். சபையை விட்டுத் தள்ளினதுக்குப் பிறகுதான் அவர் தேடி வந்தார். அப்பவும் அவர் யாருன்னு குரலை வச்சுத்தான் தெரிஞ்சிருப்பான். அதனாலேதான் அடுத்த அதிகாரத்திலே மேய்ப்பனுடைய சத்தத்தை ஆடுகள் அறியும்னு வருது."

இத்தனை ஆண்டு பிரசங்கங்களில் நான் இதைக் கேட்டதில்லை. விசாரணையில் அவன் படிப்படியாக ஏறிப்போகிறான்: முதலில் 'இயேசு என்னப்பட்ட ஒருவர்', பிறகு 'தீர்க்கதரிசி', பிறகு 'தேவனிடத்திலிருந்து வந்தவர்', கடைசியில் "ஆண்டவரே, விசுவாசிக்கிறேன்". கண்பார்வையுள்ள பரிசேயரோ அதே வேகத்தில் இருட்டுக்குள் இறங்குகிறார்கள். அவர்களும் சீஷர்களின் பழைய கேள்வியையே கல்லாக எடுத்து, முழுவதும் பாவத்தில் பிறந்தவன் என்று அவன்மேல் எறிகிறார்கள். காண்கிறோம் என்று சொல்லுகிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது என்று கர்த்தர் அவர்களிடம் சொன்ன வார்த்தை அன்று அந்தப் படிகளில் என்னிடம் சொல்லப்பட்டது.

என் திருமணப் பேச்சின்போது பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த நாளில், அக்காவைப் பின்கட்டு அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு மணி நேரத்துக்குமேல் அவள் அங்கே இருந்தாள். முன்னறையில் நான் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன். "எத்தனை பிள்ளைகள்?" என்று அவர்கள் கேட்டதற்கு அப்பா தயங்கியபோது, "நான் ஒருவன்தான்" என்று சொன்னது என் வாய். அந்த அறைக்கும் முன்கட்டுக்கும் இடையே ஒரு மெல்லிய சுவர்தான். திருமணத்துக்குப் பின் என் மனைவியும் அக்காவும் உயிருக்கு உயிராகப் பழகினார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி நானும் அக்காவும் பதினெட்டு ஆண்டுகள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. குருடனும் சப்பாணியும் வீட்டிலே வரலாகாது என்று வாசித்தபோது என் முகம் சூடானது அதனால்தான்.

அந்தப் படியிலே நான் அவள் பாதங்களைத் தொட்டு, "அன்றைக்கு நீ கேட்டாயா அக்கா?" என்றேன். "கேட்டேன்" என்றாள். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, ஈரத்தைத் துடைத்து, "நீ இதைச் சொல்லணும்னு நான் ஜெபிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள். நான் அவளுக்காகச் சுமந்து வந்த ஜெபத்தைவிட அவள் எனக்காகச் சுமந்த ஜெபம் எவ்வளவோ மூத்தது.

கர்த்தர் இன்றும் கண்களைத் திறக்கிறார் என்பதை நான் விசுவாசிக்கிறேன்; ஜெபத்தாலும் குணமாக்குகிறார், மருத்துவரின் கையாலும் குணமாக்குகிறார். அக்காவுக்காக அதைக் கேட்பதையும் நான் நிறுத்தவில்லை. அவள் கண்களை ஒரு வழக்காக எண்ணி, குற்றவாளியைத் தேடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். மேலே ஏறும்போது அக்கா படிகளை எண்ணிக்கொண்டே வந்தாள்: ஐந்து, ஒரு தளம், மறுபடி ஐந்து. தளம் வரும்போதெல்லாம் நின்று மூச்சுவாங்கி, "இங்கேயும் அவன் நின்றிருப்பான்" என்றாள்.

ஊர் திரும்பிய இரண்டாம் ஞாயிறு, பயணம் போனவர்களைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். ஆலயத்தில் பலரும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு மூதாட்டி, "கண் தெரிஞ்சுதா தாயி?" என்று வாசலிலேயே கேட்டிருந்தாள். நான் எழுந்து நின்று, பின்கட்டு அறையைப் பற்றியும், நான் சொன்ன அந்த வாக்கியத்தைப் பற்றியும் சபைக்கு முன்பாக அறிக்கையிட்டேன். என் மனைவியின் பெற்றோரும் அன்று வந்திருந்தார்கள். பேசி முடிக்கும்வரை ஆலயம் அசையவில்லை. நான் உட்கார்ந்ததும், அக்கா ஆர்மோனியத்தின் துருத்தியைத் திறந்து அடுத்த கீர்த்தனையின் சுருதியைப் பிடித்தாள்.